சாரல் காலத்து லாரியும் தென்னை மூட்டு உரமும்

தென்காசி, மேலகரம், இலஞ்சி பக்கம் எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும், எந்தக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தாலும் ‘செப்டிக் டேங்க் கிளீனிங்’ என்று எழுதி, கீழே ஒரு செல்போன் எண் இருக்கும். நாம் எல்லோருமே ஏதோ ஒரு நாள் அந்த எண்ணைக் கூப்பிட்டவர்கள்தான். லாரி வரும், குழாயை இறக்கும், மோட்டார் ஓடும், கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். பணத்தைக் கொடுத்துவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொள்வோம். லாரி தெருமுனை திரும்பி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரொம்ப நாளாக நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டதில் தெரிந்துகொண்டதை ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். ஆனால் முழுக்கப் படியுங்கள்.

இலஞ்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

“தம்பி, ராத்திரி போன் பண்ணுவானுவ. ‘அண்ணாச்சி, தோப்புல ஒரு லோடு இறக்கிக்கிடட்டுமா’ம்பான். நம்மகிட்ட காசு கேக்க மாட்டான். இறக்கின நாலு மாசத்துல மட்டையெல்லாம் கருகருன்னு வந்துரும் பாத்துக்கிடுங்க. யூரியா வாங்குத காசு மிச்சம்லா?”

“கிணறு பக்கத்துலதான இருக்கு அண்ணாச்சி?”

“இருக்கு. அதான் கொஞ்ச நாளா வேண்டாம்னுட்டேன்.”

அவர் சொன்ன இரண்டுமே உண்மை. மட்டை கருப்பதும் உண்மை, கிணற்றைப் பற்றிய பயமும் உண்மை. முதல் உண்மையை விடாமல் வைத்துக்கொண்டு இரண்டாவதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் என் கேள்வி.

மனுசக் கழிவில் உரச்சத்து இருக்கிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோவுக்கு மேல் தழைச்சத்தும், 400 கிராம் மணிச்சத்தும் வெளியேற்றுகிறார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் தழைச்சத்தின் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. பச்சையாக லாரியில் இறக்கும்போது தென்னை சட்டென்று கருப்பதற்குக் காரணம், அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா. அதே கழிவைக் காயவைத்து மக்கவைத்தால் அம்மோனியாவில் பெரும்பங்கு போய்விடும். மிஞ்சுவது மணிச்சத்தும், கரிமப்பொருளும், கொஞ்சம் தழைச்சத்தும்தான். ஆக, பதப்படுத்திய உரம் லாரித் தண்ணீர் மாதிரி வேகம் காட்டாது. இதை முதலிலேயே விவசாயியிடம் சொல்லிவிட வேண்டும். ‘யூரியாவுக்குப் பதில்’ என்று சொல்லி விற்றால் ஒரே போகத்தில் நம்பிக்கை போய்விடும். இது தொழு உரத்தின் இடத்தில் வைக்க வேண்டிய சரக்கு. நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுவதற்குக்கூட இப்போது ஆள் தேட வேண்டியிருக்கிறது. மாடு குறைந்து குப்பை அடிப்பதும் குறைந்துவிட்டது. மண்ணுக்குக் கரிமம் கொடுக்க வேறு வழி தேடும் காலத்தில்தான் நான் இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட நெட்டைத் தென்னைக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரமோ மக்கு உரமோ வேண்டும். கூடவே யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் மக்கு உரம் மட்டும் மூன்றரை டன். யாரிடம் இருக்கிறது மூன்றரை டன் சாணம்? பொட்டாஷ் முழுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறது. சூப்பர் பாஸ்பேட்டுக்கான பாறையிலும் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. கப்பலில் வந்த மணிச்சத்து நெல்லாகி, சோறாகி, நம் வயிறு வழியாக செப்டிக் டேங்கில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் இறங்கினால், சிற்றாறு வழியாகச் சீவலப்பேரிக்குப் போய்த் தாமிரபரணியில் கலக்கிறது. அந்த ஆற்றைக் குடிநீருக்கு நம்பியிருக்கும் ஊர்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். இதில் மூடி மறைக்கக் கூடாது.

முக்கியமான எதிரி புழு முட்டை. உருண்டைப்புழு பெண் ஒன்று ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டைவரை இடும். அந்த முட்டைக்கு ஓடு கெட்டி. ஈர மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழுவோ வெறுங்காலில் தோல் வழியாகவே ஏறிவிடும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்களே, அந்த மாத்திரையின் வேலையை நாமே தோப்பில் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். காய் வெட்டுகிறவர், காய் பொறுக்குகிறவர், களை எடுக்கிற அக்காமார் எல்லோரும் அந்த ஈர மண்ணில் செருப்பில்லாமல்தான் நடக்கிறார்கள். தோப்புக்காரரைவிட அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உரம் பற்றிப் பேசுகிறவர்கள் இவர்களை ஏனோ கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

முட்டையைக் கொல்வது சூடு, அதோடு நாள். அமெரிக்காவில் 1993இல் வந்த விதிப்படி, நீளக் குவியலாகப் போட்டு மக்கவைத்தால் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். புரட்டுவது ஏனென்றால் குவியலின் நடு கொதிக்கும்போது ஓரம் குளிர்ந்தே கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காய்ந்த உரத்தில் ஒரு கிராமுக்கு ஒரு புழு முட்டைகூட இருக்கக் கூடாது என்கிறது. சூடேற்ற வசதி இல்லாவிட்டால் நம் மாதிரி வெப்பமான ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைக்கச் சொல்கிறது.

வெளியூரில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் உலர்படுகையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், சுற்றிலும் இடுப்பளவுச் சுவர். லாரி கொட்டும் வாயில் ஒரு கம்பிச் சல்லடை. ஷாம்பு பாக்கெட், நாப்கின், துணி, குழந்தைகளின் டயாபர், மருந்து அட்டை எல்லாம் அதில் மாட்டிக் கிடந்தன. கழிவு மணலின் மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பரவித் தண்ணீர் கீழே வடிந்துவிடுகிறது. நல்ல வெயிலில் பத்துப் பதினைந்து நாளில் மேலே மிஞ்சுவது வற்றிய குளத்துக் கரம்பை மாதிரி பாளம் பாளமாக வெடித்த கருப்பு மண். நாற்றம் கிட்டத்தட்ட இல்லை. அந்த வெடிப்புகளுக்குள் வரிசை வரிசையாகத் தக்காளி நாற்று முளைத்திருந்தது. யாரும் விதைத்ததில்லை. வயிற்றைக் கடந்து, டேங்கைக் கடந்து, லாரியைக் கடந்து, விதை பிழைத்து வந்திருக்கிறது.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது ஓர் எச்சரிக்கை. வெயிலில் காய்வது மட்டும் போதாது என்று அந்த நாற்று சொல்கிறது. விதையே பிழைத்திருந்தால் புழு முட்டை பிழைத்திருக்காதா? ஜெர்மனியில் உயிர்க்கழிவு உரத்துக்கான சட்டத்தில், மக்கும் குவியலில் போதிய சூடு ஏறியதா என்று பார்க்கத் தக்காளி விதையையே சோதனைக்கு வைத்திருக்கிறார்கள். நம் விவசாயியும் இதை வீட்டிலேயே பார்க்கலாம். வாங்கிய மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்து வையுங்கள். தக்காளி முளைத்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். முளைக்காவிட்டாலும் ஆய்வறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள். முளைக்காததை மட்டும் வைத்துச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

காய்ந்த கழிவைத் தனியே குவித்தால் சூடு ஏறாது. கரிமம் போதாது. மார்க்கெட் கழிவு, இலை தழை, தென்னைநார்க் கழிவு என்று ஒன்றுக்கு இரண்டு, மூன்று பங்கு சேர்த்து, ஈரம் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்படி வைத்துக் குவிக்க வேண்டும். நமக்கு இது கஷ்டமா? பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. மட்டையும் கதம்பையும் எங்கு பார்த்தாலும் கிடக்கின்றன. நகராட்சிகளும் பேரூராட்சிகளும் நுண் உரக்கூடங்கள் கட்டி மக்கும் குப்பையை உரமாக்கிப் பழகிவிட்டன. கழிவும் குப்பையும் ஒரே கூரைக்கு அடியில் சந்தித்தால் போதும்.

கர்நாடகத்தில் தேவனஹள்ளி என்ற ஊர் இதைச் செய்தது. பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். அங்கேயும் ராத்திரி லாரி, தோட்டத்தில் இறக்குவது என்று இதே கதைதான். 2015இல் கழிவுக்குத் தனி நிலையம் கட்டினார்கள். பிறகு ஊர்க் குப்பையோடு சேர்த்து மக்கவைத்து விவசாயிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் முதல் நிலையம் மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் வந்தது, நாளொன்றுக்கு 23,000 லிட்டர் வாங்கும் அளவுக்கு. செப்டிக் டேங்க் கழிவுக்கென்று நம் அரசு 2014லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. நாட்டுக்கான கொள்கை வந்தது 2017இல்தான். காகிதத்தில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை.

திருச்சி மாவட்டம் முசிறியில் நடந்தது இன்னொரு பாதை. ஸ்கோப் நிறுவனத்தின் மராச்சி சுப்புராமன் அங்கே மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறைகளைக் கட்டினார். மலக் குழியில் சாம்பல் தூவி, நிறைந்ததும் மூடி, மாதக்கணக்கில் மக்கவிட்டு எடுப்பார்கள். சிறுநீர் வாழைக்குப் போனது. அங்கிருந்த பொதுக் கழிப்பறையில் பயன்படுத்துகிறவர்களுக்கே காசு கொடுத்தார்கள், ஒரு தடவைக்குப் பத்துப் பைசா. பணத்தைவிட அதன் மரியாதை எனக்குப் பிடிக்கிறது. நீ கொடுத்துவிட்டுப் போவது விலையுள்ள பொருள் என்று ஓர் ஊர் தன் மக்களிடம் சொல்லியிருக்கிறது. அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னும் பின்னால் போனால், 1939இல் ஆச்சார்யா என்ற விஞ்ஞானி பெங்களூரில் குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைக்கும் முறையை வகுத்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவும் மலக்கழிவை மண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்று ஓயாமல் பேசினார். இவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்தக் காலத்தில் அந்தக் குழிவரைக்கும் மலத்தைத் தலையில் சுமந்து வந்தது யார்? சாதியின் பெயரால் ஒரு கூட்டத்தின் தலையில் கட்டிய வேலை அது. உரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மறுபடியும் அந்தக் கைகளிலிருந்துதான் வரும் என்றால் அது எனக்கு வேண்டாம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக்கியது. அதற்குப் பிறகும் ‘விஷவாயு தாக்கி’ என்று தொடங்கும் செய்தி நிற்கவில்லை. ஆகவே லாரியிலிருந்து சல்லடை வரை குழாய், படுகையிலிருந்து குவியல் வரை இயந்திரம், புரட்டவும் இயந்திரம். வேலை செய்கிறவருக்குப் பூட்ஸ், கையுறை, குளிக்கச் சுடுதண்ணீர், நிரந்தரச் சம்பளம். இதற்குப் பணம் இல்லை என்று சொல்கிற ஊர் உரம் தயாரிக்கவே வேண்டாம்.

வெளிநாட்டுக் கதையையும் முழுக்கச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் 1926லிருந்து சாக்கடைக் கசடிலிருந்து செய்த உரத்தை மூட்டை கட்டி விற்கிறது. அதே நாட்டில் மெய்ன் மாநிலம் 2022இல் கசடை நிலத்தில் போடுவதையே தடைசெய்தது. எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் கசடு வழியாக மண்ணிலும் கிணற்றிலும் பாலிலும் ஏறியிருந்தது தெரியவந்தது. சுவிட்சர்லாந்தும் பல வருஷங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டது. இதைக் காட்டி ‘பார்த்தீர்களா’ என்பவர்களுக்கு என் பதில்: அவர்களுடைய சாக்கடையில் ஆலைக் கழிவும் கலந்திருந்தது. வாணியம்பாடியிலோ திருப்பூரிலோ பெரிய சாக்கடையின் கசடை எடுத்து வயலில் போடச் சொன்னால் நானே குறுக்கே நிற்பேன். ஒன்றில் குரோமியம், இன்னொன்றில் சாயம். தென்காசியில் நமக்கு வருவது வீட்டுத் தொட்டியும் லாட்ஜ் தொட்டியும். இந்த விஷயத்தில் சின்ன ஊராக இருப்பது நமக்கு வசதி. அதற்காகச் சோதிக்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் குப்பை உரத்துக்கு வரம்பு இருக்கிறது. ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, பாதரசம் 0.15. ஒவ்வொரு குவியலுக்கும் இந்தச் சோதனையும் புழு முட்டைச் சோதனையும் முடித்து, முடிவை மூட்டையிலேயே ஒட்ட வேண்டும்.

எந்தப் பயிருக்கு என்பதிலும் கண்டிப்பு வேண்டும். தென்னை, எலுமிச்சை, மா, தேக்கு. அவ்வளவுதான். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துச் சின்ன வெங்காயத்துக்கும் கீரைக்கும் தக்காளிக்கும் கூடாது. அரைகுறையாகப் பதப்படுத்திய கசடு போட்ட நிலத்தில் மண்ணைத் தொடும் காய்களை எடுக்க அமெரிக்க விதி 14 மாதம் காத்திருக்கச் சொல்கிறது. மண்ணுக்குள் விளைவதற்கு 20 மாதம், சில நேரம் 38 மாதம். முழுக்கப் பதப்படுத்தினால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. இருந்தாலும் முதல் சில வருஷங்களுக்கு நாம் வெங்காயத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். இதை எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. உலர்படுகைக்கு வெயில் வேண்டும். குற்றாலத்தில் லாட்ஜ் நிறையும் காலம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. அதாவது தொட்டி நிறைவது சரியாகச் சாரல் விழும் காலத்தில். ஐந்தருவிப் பக்கம் துவைத்த துண்டு இரண்டு நாளானாலும் காயாத மாதங்கள் அவை. அடுத்த கூட்டம் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். அப்போது வடகிழக்கு மழை. கழிவு அதிகம் வரும் இரண்டு சமயத்திலும் வானம் மூடியிருக்கும். சமவெளி ஊருக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து திறந்த படுகை கட்டினால், சீசனில் அது குளமாகிவிடும். லாரிக்காரர் வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஓடையைத் தேடிப் போவார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஆகவே வெளிச்சம் விடும் கூரை, காற்றோட்டத்துக்குத் திறந்த பக்கங்கள், சாதாரணக் கணக்கைவிட ஒன்றரை மடங்கு படுகை, மழை மாதங்களுக்குத் தனிச் சேமிப்புத் தொட்டி. செலவு கூடும். கூடட்டும். அருவியை நம்பிப் பிழைக்கும் ஊர் அருவித் தண்ணீர் போகும் பாதைக்குச் செய்யும் செலவு அது.

மாதக் கணக்கு நமக்குச் சாதகமாகவே விழுகிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காய்ந்து மக்குவது ஜூன், ஜூலையில் தயாராகிவிடும். சீசனில் கூரைக்கடியில் சேர்ந்தது ஆறவைத்து டிசம்பர், ஜனவரிக்குத் தயார். தென்னைக்கு உரம் வைக்க வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இரண்டு தவணையும் இதே ஜூன்-ஜூலை, டிசம்பர்-ஜனவரிதான்.

அளவு பற்றியும் பெரிதாக ஆசை காட்ட மாட்டேன். ஐயாயிரம் லிட்டர் லாரியில் திடக்கழிவு இரண்டு சதவீதம் என்றால் காய்ந்து நிற்பது 100 கிலோ. குப்பை சேர்த்து, மக்கி, சுண்டி வந்தால் என் கணக்கில் ஐந்தாறு தென்னைக்கு ஒரு வருஷ உரம். ஊர் முழுவதற்கும் போதாது. ஆனாலும் ஒவ்வொரு லாரியும் ஐந்தாறு மரத்துக்கு உரமாகும், ஓடைக்குப் போகும் ஒரு லாரி குறையும்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டது உரத்தைப் பற்றி இல்லை.

“யாவாரி காய எடுப்பானா தம்பி? எலுமிச்சைக்குப் போட்டா புளியங்குடி மார்க்கெட்டுல பேச்சு வந்துரும்லா?”

நியாயமான பயம். அதனால் முதலில் எலுமிச்சை வேண்டாம், தென்னை மட்டும் என்று பேசிக்கொண்டோம். எப்போதாவது சோதனைச் சீட்டு ஒட்டிய மூட்டை நம் பக்கம் வந்தால், கிணற்றுக்குத் தள்ளி இருக்கும் பத்து மூட்டுக்கு அதை வைப்பார். அடுத்த வரிசைப் பத்து மூட்டுக்குச் சாணி உரம். வட்டம் எடுத்து, ஓர் அடி மண் மூடி, கையுறை போட்டுத்தான் வேலை. தென்னையில் எதை வைத்தாலும் காய்ப்பில் தெரிய இரண்டு, மூன்று வருஷம் ஆகும். அதுவரை வெட்டுக்கு வெட்டு இரண்டு வரிசைக் காயையும் தனித்தனியாக எண்ணி எழுதிவைக்கச் சம்மதித்திருக்கிறார். நோட்டு நான் வாங்கிக் கொடுப்பதாக ஏற்பாடு. மூட்டை வர வேண்டியது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிக்காரர்களிடமிருந்து. உங்கள் வார்டுப் பகுதி சபையில் கூரை போட்ட படுகையைப் பற்றி யாராவது கேட்டால், என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள்.